சிதம்பரம் போன குமுதவல்லி

ஒரு ஊர்ல ஒரு குமுதவல்லி இருந்தா. நீ ம் கொட்டு, அப்பதான் பஸ் நகரும். அந்த ஊருக்குப் பக்கத்துலதான் சிதம்பரம். பெரிய கோயில், பெரிய யுனிவர்சிட்டி. ஆனா அவ தனியா போனதே இல்ல. எப்பவும் முன்னால புருஷன் தனகோடி நடப்பாரு, பின்னால இவ ஓடுவா.

ஒரு நாள் சொன்னா: "ஏங்க, நான் படிக்காத யுனிவர்சிட்டிய ஒரு தடவ நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

"தொலைஞ்சு போயிடுவ குமுதா. சிதம்பரம் எனக்குத்தான் அத்துப்படி."

"சாயங்காலம் தனியா திரும்பி வந்துட்டா?"

"மாசா மாசம் போ. ஆனா நான் வந்து கூட்டிட்டு வர்ற மாதிரி ஆச்சு, இதோட சரி."

அப்புறம் பஸ் வந்துச்சு, டுர்ர்ர். ஒரே கூட்டம். குமுதவல்லி என்ன பண்ணா? ஜன்னல் வழியா கர்ச்சீப்ப வீசி எடம் புடிச்சா. ஏறிப் பாத்தா, ஒருத்தர் அதுமேலயே உக்காந்திருக்காரு.

"எந்திரிங்க, அது என் எடம்."

"சின்னதா இருந்துச்சும்மா, தெரியல."

"அடுத்த தடவ பெட்ஷீட்டே போடறேன், எந்திரிங்க!"

எந்திரிச்சிட்டாரு. ம்?

அப்புறம் யுனிவர்சிட்டி. மரமும் கட்டடமுமா போய்க்கிட்டே இருக்கு. ஒரு வகுப்பு காலியா தெறந்து கெடந்துச்சு. பழக்கம் விடுமா? ஜன்னல் வழியா முதல் பெஞ்சுல கர்ச்சீப்ப வீசிட்டு, அப்புறம் வாசல் வழியா போனா. ரெண்டு பொண்ணுங்க களுக்குனு சிரிச்சுதுங்க.

"அக்கா, முதல் பெஞ்சுக்கு இங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கடைசி பெஞ்சுக்குத்தான் எடம் புடிக்கணும்."

அவ முதல் பெஞ்சுலயே ஜம்முனு உக்காந்தா. வெறும் போர்ட ரொம்ப நேரம் பாத்தா. நல்லாத்தான் இருந்துச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போ சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுல அவ ஊர் பஸ் மெதுவா நகருது. ஓடிப் போய் ஜன்னல்ல பைய தொப்புனு போட்டா. அவ பொண்ணு கல்யாணத்துல தாம்பூலம் குடுத்த மஞ்சப் பை, குமுதவல்லி, தனகோடினு பேரும் ஊரும் போட்டது. செல்போனும் காசும் அதுக்குள்ள. பாத்தா, அது உள்ள வர்ற பஸ் இல்ல, கெளம்புற பஸ்! பாம்ம்ம்னு போயே போயிடுச்சு.

அவ அழல. அடுத்த டவுன் பஸ்ல ஏறுனா. பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் கெடையாதே!

அதுக்குள்ள ஊர்ல, முன்னால போன பஸ் கண்டக்டர் பையில பேரப் பாத்து, ஸ்டாப்புல நின்ன தனகோடிகிட்ட பையக் குடுத்தாரு.

"பை வந்துடுச்சு, ஆளக் காணோமே! நான் அப்பவே சொன்னேன்!" எதிர்ல வந்த சிதம்பரம் பஸ்ல தொத்திட்டாரு.

அப்புறம் குமுதவல்லி வந்து எறங்குனா. டீக்கடை பக்கிரி ஓடி வந்தான். "அண்ணி, அண்ணன் உங்களத் தேடி சிதம்பரம் போயிட்டாரே!"

அவன்கிட்ட செல்போன வாங்கிப் புருஷன்கிட்ட பேசுனா. "எங்க நிக்கிறீங்க?"

"கோபுரத்துக்கிட்ட."

"நாலு இருக்கே, எந்தக் கோபுரம்?"

"அதான் தெரியல குமுதா. எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒண்ணு நிக்குது."

"அசையாம அங்கயே நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டு வரேன்."

குமுதவல்லி பஸ் ஏறிட்டா. டுர்ர்ர்... அது போய்ச் சேந்துடும், நீ கண்ண மூடு.