கக்கும் வாசல்

நல்லபெருமாள் ஊர் ஊராகச் சினிமா தியேட்டர் கட்டித் தள்ளிய இன்ஜினியர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தார். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். வந்தவர் வந்தவர்தான். அவர் வீட்டில் இப்போது மகள் செண்பகம் குடியிருந்தாள். போன் போட்டுக் கூப்பிடுவாள். பேரன் தவழ்கிறான் என்றாள், நிற்கிறான் என்றாள், இப்போது நடக்கிறானாம். இவர் "ஆகட்டும்மா" என்பார். அந்த ஆகட்டும் ஆனபாடில்லை.

ஆசிரமத் தலைவர் சவரிராய அடிகள் கையால் காவி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. அடிகள் அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் பாதிரிமார் படிக்கும் குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர்.

"முதல்ல நீர் தியான மண்டபத்தைக் கட்டி முடியும். அப்புறம் பார்ப்போம்" என்று அடிகள் சொல்லியிருந்தார்.

மண்டபம் எழும்பியது. தேக்கு நிலை வைத்து, தாமரை செதுக்கி, கிழக்கே ஒரே ஒரு வாசல். கண்ட பக்கமெல்லாம் கதவு வைத்தால் தியானம் கெடும் என்பது நல்லபெருமாளின் கட்சி.

திறப்புக்கு முந்தின நாள் அடிகளிடம் வந்தார்.

"சாமி, பழைய கட்டடங்களைப் பத்தின புத்தகத்துல ஒரு வார்த்தை பார்த்தேன். வொமிட்டோரியம். ரோமாபுரிக்காரங்க விருந்துல மூக்கு முட்டத் தின்னுட்டு, வாந்தி எடுக்கன்னே கட்டின அறையாமே? சிநேகிதர் ஒருத்தர் சொன்னார். சீச்சீ, இப்படியுமா ஒரு அறை?"

அடிகள் சிரித்தார். "நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் மண்டபம் கொள்ளாத கூட்டம். தியானம் முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அடிகள் முந்திக்கொண்டு போய் வாசற்படியில் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

சாமியாரைத் தாண்டிப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? முன்னால் நின்றவர்கள் கைகூப்பி நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. "கடைசி பஸ் போயிரும்பா" என்றது ஒரு குரல். "மாடு கத்தும், நான் போய்ப் பால் கறக்கணும்" என்றாள் ஒருத்தி. சற்று முன்பு உருகிக் கரைந்த முகங்களில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நல்லபெருமாளுக்கு வியர்த்துக் கொட்டியது. குனிந்து அடிகளின் காதருகே கெஞ்சினார்.

"சாமி, எழுந்திரிங்க. ஜனங்களுக்கு மூச்சு முட்டுது."

"நிம்மதியைத் தேடித்தானே வந்தாங்க? இருக்கட்டுமே."

"ஐயோ, அவங்களுக்கெல்லாம் வீடு வாசல் இருக்கு சாமி!"

அடிகள் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து வழி விட்டார். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"உம்ம வார்த்தைக்கு அர்த்தம் கேட்டீரே, இதுதான்" என்றார் அடிகள். "ரோமாபுரியில வட்டமா பெரிய அரங்கு கட்டுவான். இருக்கைகளுக்கு அடியில வழி வைப்பான். வந்த சனத்தை அந்த வழி உள்ளே கொட்டும். ஆட்டம் முடிஞ்சா நெரிசல் இல்லாம வெளியே கக்கும். லத்தீன்ல வோமெரேன்னா கக்குறது. பேரு அப்படி வந்தது. விருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

நல்லபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "தியேட்டர் தவறாம ரெண்டு பக்கமும் கதவு வச்ச மனுஷன் நான். இங்கே எப்படி சாமி மறந்தேன்?"

நல்லபெருமாள் வடக்கிலும் தெற்கிலும் சுவரை உடைத்துக் கதவுகள் வைத்தார். அடுத்த கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் பேசிச் சிரித்தபடி இரண்டு பக்கமும் இறங்கிப் போனார்கள். மங்கலான மண்டபத்தில் அவரும் அடிகளும்தான் மிச்சம்.

"மண்டபம் முடிஞ்சுது சாமி. இனி எனக்குக் காவி கொடுங்க."

"செண்பகம் போன் பண்ணுச்சா?"

"பண்ணுது. அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கப் பயமா இருக்கு சாமி. அடுப்படியைப் பார்த்தா என் சம்சாரம் நிக்கிற மாதிரியே இருக்கும். என்னால தாங்க முடியாது. இங்கேதான் நிம்மதி, இங்கேயே இருந்துடறேன்."

"தியேட்டர் கட்டினவர் நீர். படம் விட்டு, எல்லாக் கதவையும் திறந்த பிறகும் ஒருத்தர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தா என்ன செய்வாங்க?"

"எல்லா விளக்கையும் போடுவாங்க சாமி. அப்பவும் எழுந்திரிக்கலேன்னா..."

நல்லபெருமாள் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடிகள் எழுந்து சுவரோரம் போய் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். மண்டபம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"எந்திரியும் நல்லபெருமாள். பேரன் இப்பத்தான் நடக்கிறான். ஓட ஆரம்பிச்சிட்டான்னா உம்மால பிடிக்க முடியாது."