தடுக்காத வாசல்

புதிர் போடுகிறவன் முதலில் ஆளைச் சொல்லிவிட்டுத்தான் முடிச்சைப் போட வேண்டும். ஆள், பாளையங்கோட்டை உமைதாணு. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தொட்டாயிற்று. மனைவி கோமதி போய்ச் சேர்ந்த பிறகு தனி வீடு, தனிச் சமையல், தன் இஷ்டத்துக்குத் தூக்கம். புளித்தண்ணியை அவர் ரசம் என்று சொன்னாலும் மறுத்துப் பேச ஆளில்லை. இந்தச் சுகத்தை விட்டுவிட்டு வேறெங்கும் போவதாக அவருக்கு உத்தேசமே இல்லை.

அந்தச் சுகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல்படியில் கால் தடுக்கியது. சுவரைப் பிடித்து இரண்டொரு தடவை தப்பினார். கடைசியில் ஒருநாள் பையிலிருந்த தக்காளியோடு கூடத்தில் விழுந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். தரையெல்லாம் ரத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரி போனில் அலறிய அலறலில், கோயம்புத்தூரிலிருந்து மகன் ரமணனும் மதுரையிலிருந்து மகள் பகவதியும் அடித்துப் பிடித்து வந்து இறங்கினார்கள்.

மகன் கையில் புதுப் பூட்டு இருந்தது. அதைப் பார்த்ததுமே அவர்கள் வந்த நோக்கம் உமைதாணுவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வயதில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதென்றால் சும்மாவா?

"நான் ஏன் விழுதேன்னு யாரு சரியாச் சொல்லுதீங்களோ, அவங்க சொல்லுத இடத்துல இருக்கேன்" என்றார். யாராலும் சொல்ல முடியாது என்ற தைரியம்.

"யாரும் சொல்லலன்னா பூட்டுதான். காரணம் தெரியாம உங்களைத் தனியா விட மாட்டேன்" என்றான் ரமணன். காரணத்தையும் அவனே சொன்னான்: "படி அவ்வளவு உசரம்ப்பா. எங்க பிளாட்ல படியே கிடையாது. கிளம்புங்க."

"படி என்ன செய்யும்? அப்பாவுக்கு வலது முழங்கால் தேஞ்சு போச்சு, சரியா மடங்க மாட்டேங்கு" என்றாள் பகவதி. "எங்க வீட்டுப் பக்கத்துலயே மூட்டு டாக்டர் இருக்காரு. மதுரைக்கு வாங்க."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஆவுடையப்பன் கனைத்தார். இவர் கோமதியின் தம்பி, அடுத்த தெருக்காரர். அக்காள் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஆறிப்போன காப்பி கொடுத்தவர். அந்தக் காப்பி இன்றைக்கும் உமைதாணுவின் தொண்டையிலேயே நிற்கிறது. பேச்சு உண்டு, போக்குவரத்து உண்டு. உள்ளுக்குள் மட்டும் புகைச்சல்.

"படியுமில்ல, முட்டுமில்ல. அக்கா போனதுல இருந்து இந்த வீட்டுக்கு ராசி போச்சு. எங்க வீட்டுப் படி இதைவிட உசரம். அத்தான் அடிக்கடி வாராங்க. ஒரு தடவை தடுக்கியிருக்கா? பேசாம எங்க மாடியில வந்து இருங்க அத்தான்."

மைத்துனர் மாடியில் குடியிருப்பதைவிடக் கூடத்தில் விழுந்து கிடப்பதே மேல் என்று உமைதாணுவுக்குத் தோன்றியது.

வழக்கு சூடு பிடித்தது. படிதான் காரணமென்றால் மாமா வீட்டு உயரப் படியில் ஏன் தடுக்கவில்லை என்று அண்ணனைத் தங்கை மடக்கினாள். முழங்கால்தான் காரணமென்றால் டவுன் பஸ்ஸில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறாரே, எப்படி என்று தங்கையை அண்ணன் மடக்கினான். வீட்டு ராசிதான் காரணமென்றால் போன பிரதோஷத்தன்று சிவன் கோயில் வாசலிலும் தடுக்கியதே, சிவனுக்கும் ராசி போய்விட்டதா என்று இருவரும் சேர்ந்து மாமாவை மடக்கினார்கள்.

தன் வீடு, கோயில், பஸ், மைத்துனர் வீடு. உமைதாணு கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தார். சட்டென்று விஷயம் பிடிபட்டுவிட்டது. முகம் மலர்ந்தது, எதிரே ஆவுடையப்பனைப் பார்த்ததும் அப்படியே சுருங்கியது. சொன்னால் வீடு மிஞ்சும். ஆனால் இத்தனை வருஷமாக மைத்துனருக்குத் தெரியாமல் செய்துவந்த ஒரு காரியம் வெளியே வந்து மானம் போகும். சொல்லாவிட்டால் மானம் மிஞ்சும். வாசலில் பூட்டு தொங்கும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி? உமைதாணு ஏன் விழுந்தார்? அதைச் சொல்ல அவர் வாய் ஏன் கூசியது?

விடை: படியும் உண்மை, முழங்காலும் உண்மை, ராசி மட்டும் புரளி. ஆனால் மூவருமே முழுக் காரணத்தைச் சொல்லவில்லை. தன் வீட்டிலும் கோயிலிலும் அவர் மங்களமாக வலது காலை முன்னே வைப்பார். தேய்ந்த கால் படிக்கு மேலே எழும்பாமல் இடறும். பஸ்ஸுக்கு மங்களம் எதற்கு? வாகாக இடது காலை வைத்து ஏறிவிடுவார். மைத்துனர் வீட்டிலோ, காப்பிக்குப் பழியாக, வேண்டுமென்றே இடது காலை வைத்துத்தான் நுழைவார். ரமணன் பூட்டை எடுத்ததும் மானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சரியாகச் சொன்னவர் அவரே என்பதால், அவர் சொன்ன இடத்தில்தான் அவர் இருக்க வேண்டும் என்றாயிற்று. வாசல் நிலையோரம் ஒரு கைப்பிடியைப் பொருத்திக்கொண்டு இனி இடது காலை முன்னே வையுங்கள் என்றாள் பகவதி. "குடியிருக்குத வீட்டுக்குள்ள இடது காலை வச்சு எப்படிம்மா வாரது?" என்று உமைதாணு தயங்கினார். ஆவுடையப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசல்படி வரை போனார். அங்கே நின்று திரும்பிச் சொன்னார்: "எங்க அக்கா வலது காலை வச்சு வந்த வீடு அத்தான் இது. அது ஒண்ணு போதும். நீங்க எந்தக் காலை வேணும்னாலும் வச்சு வாங்க."