கெம்பிக்குத் தமிழ் தெரியாது

தமிழ் ஒரு சொல்கூடப் புரியாத ஜீவனை நம்ம மலையில் யாராவது பார்த்ததுண்டா?

எம்.ஏ. முடித்த செவந்தி, தன் ஊரார் பேசும் மலைமொழி அழிந்துபோகாமல் இருக்க ஆராய்ச்சி செய்கிறேன் என்று உதவித்தொகை கேட்டிருந்தாள். விசாரிக்க வந்தார் தேர்வுக் குழுத் தலைவர், பேராசிரியர் தணிகாசலம். ஊரே அவருக்கு நல்ல தமிழில் வணக்கம் சொன்னது. அதுதான் வினையாய்ப் போனது.

"எல்லாருக்கும்தான் தமிழ் தெரியுதே, அப்புறம் எதுக்கும்மா உதவித்தொகை? தமிழே புரியாம, உங்க மொழி மட்டும் புரியற ஒரே ஒரு ஜீவனைக் காட்டு. அங்கேயே கையெழுத்துப் போடுறேன்."

"சரிங்க ஐயா, போற வழியில காட்டுறேன்" என்று செவந்தி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

முதல் வளைவிலேயே நடுரோட்டில் ஓர் எருமை படுத்திருந்தது. அந்த ஊரில் எருமையிடம் யாரும் தமிழ் பேசுவதில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். பேராசிரியர் இறங்கி, "போ" என்றார். "எழுந்திரு" என்றார். மேடைக்குரலில் "விலகிச் செல்" என்றும் சொல்லிப் பார்த்தார். எருமை அசை போட்டது.

செவந்தி மலைமொழியில் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். எருமை எழுந்து ஓரமாய்ப் போய் நின்றது.

"இவ பேரு கெம்பிங்க ஐயா. தமிழ் தெரியாது."

பேராசிரியர் ஜீப்பின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். செவந்தி அதை வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தாள். ஜீப்பில் ஏறப்போன பேராசிரியர் அடுத்த வளைவைப் பார்த்தார். அங்கே ஒரு மந்தையே படுத்திருந்தது.

"ஏம்மா செவந்தி, கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டார். "அந்த வார்த்தையை எனக்கும் சொல்லிக்கொடுத்துட்டுப் போம்மா."