தரை தொடாத துடைப்பம்

தென்காசிப் பக்கம் ஒரு மரப்பட்டறை. தூசி உறிஞ்சும் மெஷின் விற்க வந்தவர் முழங்கினார்: "நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு கன அடி காத்தை இழுக்கும்! இனி பெருக்க ஆளே வேண்டாம்!"

முதலாளி தலையாட்டினார். அங்கே பெருக்குகிற மாடத்தி மெஷின் வந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிரிக்காமல் கிடந்த குழாயும் தூசிப் பையும் அவள் கண்ணில் பட்டன.

"அந்த ஆயிரத்து இருநூறு, இதெல்லாம் மாட்டி அளந்ததா சார்?"

"வெறும் மெஷின்ல அளந்தது. அதுதான் வழக்கம். ஒரு நிமிஷத்துல நீ பட்டறை முழுக்கப் பெருக்குவியா?"

"இந்தா!" துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிவரை ஓடித் திரும்பினாள். "அரை நிமிஷம்!"

"துடைப்பம் தரையில படவே இல்லையே!"

"பட்டா வேகம் கொறையும்லா சார்? உங்க மெஷினுக்கும் அதே வழக்கம்தானே!"

முதலாளி குழாயை எடுத்து நீட்டினார். "மாட்டுங்க, அளப்போம்."

வந்தவருக்குத் திடீரென்று பஸ் ஞாபகம் வந்தது.