புள்ளி வைத்த சம்பந்தி

கோணம்பட்டியில் ஒச்சு, பேயாண்டி, சடையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவர் மூளையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டு தேறாது. ஆனால் யோசிப்பதில் மட்டும் குறை வைக்க மாட்டார்கள்.

அவர்களுடைய காலமான அண்ணனின் மகன் துரைச்சிங்கம், வேலைக்குப் போன ஜெர்மனியில் ஹன்னா என்ற பெண்ணை விரும்பினான். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்வேன் என்று அவளுடைய அப்பா கிளம்பிவிட்டார். பையன் போனில் கெஞ்சினான்.

"சித்தப்பா, பேனர்ல அவங்க எழுத்துல ‘ஃபாட்டர்’னு போடுங்க. அப்பான்னு அர்த்தம். அதுல ‘ஆ’ எழுத்து தலையில ரெண்டு புள்ளி மட்டும் வச்சிராதீங்க. ‘ஃபேட்டர்’ ஆயிரும். ஒரு அப்பா பல அப்பா ஆயிருவாரு. என் கல்யாணமே நின்னுபோகும்!"

சித்தப்பாக்கள் கூடி யோசித்தார்கள்.

"நம்ம எழுத்துல புள்ளி வச்சா உசுரு போயிரும். ‘க’ன்னு இருந்தது ‘க்’னு விக்கி நின்னுரும்," என்றார் ஒச்சு. "அங்க எப்படிடா ஆளு பெருகுது?"

"குளிர் தேசம்ணே. அங்க உசுரு லேசுல போகாது," என்றார் சடையன்.

பேனர் கட்டியதும் இரண்டு ஈக்கள் சரியாக அந்த எழுத்தின் தலையில் வந்து உட்கார்ந்தன. பேயாண்டி சமையல்கட்டுக்கு ஓடினார். "நிறைய அப்பா வர்றாங்க, அரிசியைக் கூட்டு!" ஈக்கள் பறந்தன. "ஒருத்தர்தானாம், குறை!" ஈக்கள் திரும்பி வந்தன. அடுத்த தடவை ஓடியபோது சமையல்காரர் கரண்டியை ஓங்கினார்.

ஹன்னா, துரைச்சிங்கத்தோடு சம்பந்தி வந்து இறங்கினார். இரண்டு அத்தைகள் ஆரத்தி எடுத்து, ஆளுக்கொரு பொட்டாக அவர் நெற்றியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

"போச்சு! தலையில ரெண்டு புள்ளி!" என்று அலறினார் பேயாண்டி.

"ஒருத்தராத்தானே தெரியுறாரு?" என்றார் சடையன்.

"மத்தவங்க புது இடம்னு கூச்சப்படுவாங்கடா." ஒச்சு பணிவாகக் கைகூப்பினார். "ஐயா, உங்கள்ல பொண்ணைப் பெத்த அப்பா யாரு?"

கல்யாணம் அவ்வளவுதான் என்று துரைச்சிங்கம் தலையில் கை வைத்துவிட்டான், பாவம். அவனிடம் தமிழ் கற்றிருந்த ஹன்னாவோ சிரிப்பை அடக்கிக்கொண்டு புள்ளிக் கதையை அப்பா காதில் போட்டாள். அவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

"அப்பாவுக்குச் சம்மதமாம்!" என்றாள் ஹன்னா. ஊரே கைதட்டியது.

ஒச்சு மட்டும் தாம்பூலத் தட்டைக் கொடுக்காமல் நின்றார்.

"என்ன சித்தப்பா? அதான் சம்மதிச்சுட்டாரே!"

"இவரு சரிப்பா," என்றார் ஒச்சு, சம்பந்திக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தைக் கவலையோடு பார்த்தபடி. "மத்த அப்பாக்கள் ஒருத்தரும் இன்னும் வாயே திறக்கலையே!"