மோட்டாருக்குப் போர்த்திய பொன்னாடை

உப்பங்கழித் தூய்மைக் குழுத் தலைவர் ஞானசிகாமணிக்குப் படகில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த படகுத்துறையில் மேடை காத்திருந்தது. போன துறையில் போர்த்திய பொன்னாடை கசகசக்க, அதைச் சுருட்டித் தண்ணீரில் வீசினார். மறுகணமே மோட்டார் முனகி நின்றது.

“பராமரிப்பே கிடையாதா? இதுக்குக் காரணமான ஆளை அந்த மேடையில நிறுத்தணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை” என்று படகோட்டி பவுனம்மாவிடம் சீறினார்.

“சரிங்கய்யா.”

தலைவர் கைபேசியில் கத்திக்கொண்டிருக்க, அவள் மோட்டாரைத் தூக்கி, விசிறியில் சுற்றியிருந்ததைப் பிரித்தெடுத்துப் பலகைக்கடியில் திணித்தாள். படகு பறந்தது.

மேடையேறிய தலைவர், “தண்ணீரில் குப்பை போடுபவர்கள்…” என்று தொடங்கினார். பவுனம்மா பின்னாலேயே ஏறி, சேறு சொட்டும் சரிகைத் துணியை அவர் தோளில் போர்த்தினாள்.

“படகை நிறுத்தினது இதுதாங்கய்யா. இதை வீசின ஆளையும் மேடையில நிறுத்தியாச்சு.”