வலது பக்கக் கட்டம்

“எல்லாம் சரியாத்தானே மேடம் இருக்கு? அப்புறம் ஏன் கையெழுத்து போட மாட்டேங்கிறீங்க?”

அருளப்பன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

மைமூன் பாடக்குறிப்பேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பக்கத்தின் வலது பாதியில் ஒரு விரலை வைத்தார்.

அவ்வளவுதான்.

அருளப்பனுக்கு நாற்பத்தொரு வயது. அந்த ஊரில் டியூஷன் என்றால் அவர்தான். பதினாறு வருடம் மாடியில் பெஞ்சு போட்டு இயற்பியல் நடத்தியவர். ஊரில் பாதி இன்ஜினீயர்கள் அவர் மாடிப்படி ஏறி இறங்கியவர்கள்.

ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் ஆக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது. “ஜூன்ல பட்டத்தோட வாங்க, அதுக்கு மேல எங்களால காத்திருக்க முடியாது” என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி டியூஷனை மூடிவிட்டு, இந்தக் கல்லூரியில் வந்து சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே, கூடப் படிக்கிற பிள்ளைகள் அவருக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கல்லூரியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. அருளப்பனின் பெயர் மைமூனின் பட்டியலில் விழுந்தது. மைமூனுக்கு முப்பத்து மூன்று வயது. பேச்சு குறைவு. அவர் அறைக்குள் போனவர்கள் போனதைவிடக் குழப்பமாகத் திரும்பி வருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்துகிற பயிற்சி நாற்பது நாள். நடத்தப்போகிற பாடத்தை முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இடது பக்கக் கட்டத்தில் ஆசிரியர் என்ன கேட்பார், என்ன செய்வார் என்று இருக்கும். வலது பக்கக் கட்டத்தில் மாணவர் என்ன பதில் சொல்வார் என்று இருக்கும். அதில் வழிகாட்டி கையெழுத்து போட்டால்தான் வகுப்பெடுக்க முடியும். நாற்பது நாள் முடியாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது. தேர்வு இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. ஜூன் போச்சு. வேலையும் போச்சு.

பன்னிரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அருளப்பன் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், நாலாவதில், உட்கார்ந்து, வேறொருவர் பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை மைமூன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தபோது, கையெழுத்து அழகாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார். வீட்டுக்குப் போய், முத்து முத்தாகத் திரும்ப எழுதினார்.

இரண்டாவது தடவையும் விரல் அங்கேயே வந்து நின்றது.

“சித்தப்பா, எல்லாப் புள்ளையும் சரியாவே பதில் சொல்லுது, அதான் மேடத்துக்கு நம்பிக்கை வரல” என்றாள் கூடப் படிக்கிற வினோதா. “நடுவுல ரெண்டு தப்புப் பதிலும் எழுதிவிடுங்க.”

எழுதினார். எந்தத் தப்பு, அதை யார் திருத்துவார், திருத்தியதும் மாணவர் எப்படி “நன்றி ஐயா” என்பார், எல்லாம் எழுதினார்.

மூன்றாவது தடவையும் விரல் அங்கேயே வந்து நின்றது.

“வாயத் திறந்து சொல்லுங்க மேடம்” என்றார் அருளப்பன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. “என் அனுபவத்துக்காக இல்லாட்டியும் என் வயசுக்காகவாவது சொல்லலாம்ல.”

மைமூன் நிமிர்ந்து பார்த்தார்.

“இவரு யாரு சார்?”

“எவரு?”

மைமூன் விரலுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். “‘மாணவர்: நீரின் மேல்நோக்கு விசையால் கல்லின் எடை குறைந்தது போல் தோன்றுகிறது, ஐயா.’ இந்த மாணவர். இவரு பேரு என்ன?”

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “பேரெல்லாம் கிடையாது மேடம். பொதுவா எழுதுறதுதானே.”

“நான் இவரைப் பார்க்கணும்.”

“மேடம்?”

“வியாழக்கிழமை உங்க வகுப்புக்கு வர்றேன். கையெழுத்து இல்லாமலே நடத்துங்க, அது என் பொறுப்பு. இவரைக் காட்டுங்க. அங்கேயே கையெழுத்து போடுறேன்.”

அருளப்பன் வெளியே வந்து நெடுநேரம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. ஆனால் சொன்ன வாக்கு நிஜம். ஒரு மாணவரைக் காட்டினால் ஒரு கையெழுத்து.

காட்டிவிட்டால் போயிற்று.

புதன்கிழமை முதல் பெஞ்சு கவின்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டிக்காரப் பையன். குறிப்பேட்டுப் பக்கத்தைப் நகலெடுத்த தாளை அவன் கையில் கொடுத்து, “நாளைக்கு நான் கேக்கும்போது இதைச் சொல்லணும். ஒரு எழுத்து மாறக் கூடாது” என்றார்.

“மாறாது சார்” என்றான் அவன்.

இது பயிற்சிக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான். மேற்பார்வைக்கு ஆள் வருகிற நாளில், முந்தின நாளே ஒத்திகை பார்த்த வகுப்புகள் எத்தனையோ.

வியாழக்கிழமை மைமூன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அருளப்பன் பாடத்தைத் தொடங்கினார். கணீரென்ற குரல். வில் தராசில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். முள் ஐந்தில் நின்றது. கல்லைக் கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் இறக்கினார். முள் மூன்றுக்கு வந்தது.

“இப்போ கேள்வி. தண்ணிக்குள்ள போனதும் கல்லோட எடை ஏன்...”

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து ஏதோ சொன்னாள்.

“தப்பு. உக்காரு” என்றார் அருளப்பன், அந்தப் பக்கம் திரும்பாமலே. “கவின்ராஜ், நீ சொல்லு.”

கவின்ராஜ் துள்ளி எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

“மாணவர், நீரின் மேல்நோக்கு விசையால் கல்லின் எடை குறைந்தது போல் தோன்றுகிறது, ஐயா” என்றான்.

‘மாணவர்’ என்பதையும் சேர்த்துத்தான்.

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது. கவின்ராஜும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தான்.

அருளப்பன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வெளியே ஓடினார்கள். மைமூன் மெதுவாக முன்னால் வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அருளப்பனுக்குத் தாங்க முடியவில்லை.

“பார்த்துட்டேன் சார். நீங்க எழுதின மாதிரியே இருந்தாரு.”

பேனாவின் மூடியைக் கழற்றினார். குறிப்பேட்டைக் கரும்பலகைக்குப் பக்கத்து மேசை மேல் விரித்தார். நிஜமாகவே கையெழுத்து போடப் போகிறார் என்று அருளப்பன் மூச்சு விட்டார்.

“அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு என்ன சொன்னா?”

“அது... ஏதோ தப்பாச் சொன்னா மேடம்.”

“என்ன தப்பு?”

அருளப்பன் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுந்தது ஞாபகம் இருந்தது. சத்தம் கேட்டது ஞாபகம் இருந்தது. ‘தப்பு’ என்று தான் சொன்னது மிக நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது மட்டும் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மைமூன் பேனாவை மூடினார். குறிப்பேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அதை மட்டும் எழுதிட்டு வாங்க.”

போய்விட்டார்.

அந்தப் பெண் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அருளப்பன் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“ஸாரி சார். இனிமே குறுக்கப் பேச மாட்டேன்.”

“இல்லம்மா. வகுப்புல நீ என்ன சொன்ன?”

“தப்புதான் சார். கவின் சொன்னதுதான் சரி.”

“தப்பையே சொல்லு. எனக்கு அது வேணும்.”

இவர் எதற்கு மாட்டிவிடப் பார்க்கிறாரோ என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்கு எடை இல்ல சார்னு சொன்னேன்.”

அருளப்பன் இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

“புரியல. எப்படிச் சொல்ற?”

“எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாக்கெட் விக்கிறாங்க சார்.” அப்போது தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை வராத காலம். “லீவு நாள்ல மூட்டையை நான்தான் தூக்குவேன். தோளு விட்டுப்போயிடும். ஐஸ் போட்ட தண்ணித் தொட்டிக்குள்ள பாக்கெட்டையெல்லாம் கொட்டிட்டா, அப்புறம் ஒரு விரலால தள்ளலாம் சார். மேலயும் வராது, அடியிலயும் போகாது. விட்ட இடத்துல நிக்கும்.”

சொன்னவள் தன் தண்ணீர் பாட்டிலை வாய் வரை நிரப்பி மூடினாள். அதன் தோள் கயிற்றைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினாள். ஒற்றை விரலில் கயிறு தொய்ந்து கிடந்தது. மேலே தூக்கினாள். பாட்டில் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் விரல் வளைந்தது.

“பாருங்க சார். அதே பாட்டில்தான்.”

“சரி. ஏன்?”

“அந்த இடத்துல முதல்லயே தண்ணி இருந்துச்சுல்ல சார். அது கீழ விழாமத்தானே இருந்துச்சு? சுத்தி இருக்கிற தண்ணி அதைத் தாங்கிட்டு இருந்துச்சு. இப்ப அந்த இடத்துக்கு பாட்டில் வந்துடுச்சு. அதே அளவுக்கு இதையும் தாங்குது.”

“அப்போ கல்லு?”

அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இது தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“வந்திருக்கிறது கல்லுன்னு தண்ணிக்கு எப்படி சார் தெரியும்? அது முன்னாடி தாங்கின அளவுதான் தாங்கும். மிச்சத்தை நம்ம கை தாங்கணும். அதான் மூணுன்னு காட்டுச்சு.”

அருளப்பன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பொருள் தான் விலக்கிய பாய்மத்தின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையை உணர்கிறது. பதினாறு வருடம். எத்தனை கரும்பலகை, எத்தனை சாக்பீஸ். ‘சமமான’ என்ற வார்த்தைக்குக் கீழே எத்தனை தடவை இரண்டு கோடு போட்டிருப்பார். ஏன் சமம் என்று ஒரு பிள்ளை கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“அந்தப் பாட்டிலக் கொஞ்சம் குடும்மா.”

கயிற்றை விரலில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். சட்டைக் கையை மடித்துவிட மறந்துபோனார். முழங்கை வரை நனைந்தது. பாட்டில் இருந்த இடம் தெரியாமல் இருந்தது. தண்ணீர் அதைத் தண்ணீராகவே வைத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு மாடிப்படி ஏறி வந்த முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்பது போல இருந்தது. தப்பு, உக்காரு. தப்பு, உக்காரு. அவர்கள் என்னென்ன சொன்னார்களோ.

பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “சார் என்னடா பண்றாரு?” என்றது ஒரு குரல். “மீன் பிடிக்கிறாரு போல” என்றது இன்னொன்று.

அருளப்பன் கையை எடுக்கவில்லை.

“உன் பேரு என்னம்மா?”

“மாரிச்செல்வி சார். பன்னண்டு நாளா உங்களுக்கு முன்னாடி பெஞ்சுலதான் சார் உக்காந்திருக்கேன்.”

மறுநாள் காலை மைமூனின் மேசை மேல் குறிப்பேட்டை வைத்தார்.

வலது பக்கக் கட்டத்தில் முத்து முத்தான அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரம் வரை நெருக்கி, அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது. ‘மாணவர்’ என்றிருந்த இடத்தில் மாரிச்செல்வி என்றிருந்தது.

மைமூன் படித்தார். திரும்பவும் படித்தார். மேசை மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் இருந்தது. அதை இதுவரை பார்க்காததைப் போலப் பார்த்தார்.

“எனக்கும் இது தெரியாது சார்” என்றார் மெதுவாக.

கையெழுத்து போட்டார்.

அருளப்பன் அடுத்த பாடத்தின் பக்கத்தைத் திருப்பி வைத்தார். மைமூன் அதன் மேல் கண்ணை ஓட்டினார். ஒரு விரலும் எங்கும் போகவில்லை. அதிலும் கையெழுத்து போட்டார்.

வெளியே வினோதா காத்திருந்தாள். குறிப்பேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினாள்.

“என்ன சித்தப்பா, அடுத்த பாடத்துல வலது பக்கம் மொத்தமும் காலியா இருக்கு? ஒரு பதில்கூட எழுதல. இதுக்குப் போயா மேடம் கையெழுத்து போட்டாங்க?”

“இன்னும் வகுப்பு நடக்கலையே” என்றார் அருளப்பன்.